மிச்சக்காசு

கல்முனை பஸ் கல்லடிப் பாலம் ஏறும்போதே
வயிறு நேரம் கேட்டது.
வில்லைக் கடையில் முஸம்மில் சொன்னார்:
"தேச்சி முடியல்ல தம்பி, ஒன்றரைக்கு வாங்க."

ஒன்றரை வரைக்கும்
மட்டக்களப்பு வெயிலில்
நானும் என் சட்டைப் பையும்.
திரும்பிப் போக நூற்றெண்பது
போன் உறைக்குள் தனியாகப் படுத்திருக்கிறது.
அதைத் தொடுவதில்லை.

பச்சை எழுத்தில் ஹலால் என்று போட்ட கடை.
கதவு திறக்கும்போதெல்லாம் ஏசிக் குளிர்
வெளியே வந்து என் காலை
நக்கிவிட்டுப் போனது.
புரியாணி ஆயிரத்து நூறு.
படத்தில் இருந்த கோழி
என்னைவிட நன்றாகச் சாப்பிட்ட கோழி.

அடுத்தது சைவக்கடை.
அங்கே யாரிடமும் எதுவும் விசாரிக்கத் தேவையில்லை, மலிவும்தான்.
ஆனால் நேற்றும் பருப்பு, முந்தாநாளும் பருப்பு.
இன்று நாக்கு
இறைச்சி என்று நின்றது, கடனுக்கு வந்தவன் மாதிரி.

மூன்றாவதில் "இது முஸ்லிம் கடையா" என்று கேட்க வாயெடுத்து
கல்லாவுக்கு மேலே பிள்ளையாரைக் கண்டு
"தண்ணிப் போத்தல் என்ன விலை?" என்றேன்.
முதலாளி சிரித்தார்.
"பள்ளிக்கு முன்னால போங்க தம்பி,
சைக்கிள்ள ஒராள் நிப்பார்."

நின்றார் உவைஸ் காக்கா.
பின் கரியரில் ரெஜிபோம் பெட்டி,
ஹேண்டிலில் அப்பளப் பை.
"மாடு முந்நூத்தெம்பது. முட்டை முந்நூறு.
காத்தான்குடியில எங்கட வீட்டுச் சமையல்,
சுபஹு தொழுதிட்டு ஏத்தின உலை."
பெட்டி மூடி திறந்தது.
மரவள்ளிக்கிழங்கோடு வெந்த இறைச்சியின் மணம்
என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.
ஐந்நூறு நீட்டினேன். நூற்றிருபது தந்தார்.

வேப்பமர நிழல். பைப்படியில் கை கழுவி
றப்பர் வளையத்தில் விரல் வைத்தேன்.
பிஸ்மி சொல்ல வாய் திறந்த இடத்தில்
ஒரு கணக்கு வந்து குந்தியது:

காலையில் என்னிடம் இருந்ததே ஒரு ஐந்நூறு.
அதைத்தான் பஸ்ஸில் கொடுத்து உடைத்தேன்.
பிறகு இந்த ஐந்நூறு யாருடையது?

கொண்டக்டர். களுவாஞ்சிகுடிச் சனநெருக்கம்.
அவன் ஆயிரத்துக்கு மிச்சம் தந்திருக்கிறான்,
நான் எண்ணாமல் பைக்குள் திணித்திருக்கிறேன்.

அறுத்த கை யார், சொன்ன பேர் எது,
சட்டி வேறு எதையும் தொட்டதா என்று
ஒரு மணித்தியாலமாகத் தெருவை விசாரித்தவன்
சொந்தச் சட்டைப் பையை விசாரிக்கவில்லை.

பார்சல் மடியில் சுட்டது.
பசி வக்கீலாக எழுந்தது:
சாப்பிடு, பிறகு கொடு, அல்லாஹ் மன்னிப்பான்.
நல்ல வாதம்.
என் காசு முந்நூற்றிருபது. அறுபது குறைகிறது.
அந்த அறுபதுக்கு
இறைச்சித் துண்டில் எந்தப் பக்கம்?

திரும்பிப் போனேன்.
"காக்கா, இதை முட்டைக்கு மாத்தித் தருவீங்களா?"
"என்ன மனே, இறைச்சி புடிக்கல்லியா?"
"காசுக்குப் புடிக்கல்ல."
அவருக்கு விளங்கவில்லை. கட்டைத் தடவிப் பார்த்தார்,
அவிழாத கட்டு.
எண்பதும் முட்டையும் தந்தார்,
ஒரு அப்பளம் கூடவே விழுந்தது.
கேட்டு விழுந்ததா தெரியாது; திருப்பவில்லை.

ஒன்று நாற்பதுக்கு பஸ் ஸ்டாண்டில் அதே பஸ்.
ஃபுட்போர்டில் குந்தி
கொண்டக்டர் பிளேன்டீயில் பணிஸ் தோய்த்துக்கொண்டிருந்தான்.
விசயத்தைச் சொன்னேன்.
என்னைப் பார்த்தான், தாளைப் பார்த்தான்,
வெயிலுக்குப் பிடித்து இன்னொருக்கா பார்த்தான்.
நன்றி என்று ஒன்றும் இல்லை.
பணிஸைக் கடதாசியில் சுருட்டி வைத்துவிட்டு,
"சாப்பிட்டீங்களா?" என்றான்.
"ஓம். பள்ளிக்கு முன்னால. சைக்கிள்ள."
"என்ன விலை?"
"முந்நூறு."

எழும்பி இரண்டடி வைத்தவன் திரும்பினான்.
நெற்றியில் வியர்த்துக் கலைந்த திருநீறு.
குரலைத் தாழ்த்திக் கேட்டான்,
நான் காலையிலிருந்து கேட்ட அதே குரலில்:
"அங்க... மாடு இல்லாதது இரிக்கா?"

வில்லைப் பெட்டியை மடியில் வைத்தபடி
"இரிக்கி" என்றேன். "முட்டை. கெதியாப் போங்க,
முடிஞ்சிரும்."