மிச்சம்

முள்ளோடை தாண்டினால் விலை ஏறிவிடும்,
அதனால் இந்தப் பக்கமே குடித்துவிட்டுப் போவது எங்கள் கணக்கு.
ஞாயிறு மாலை. மூர்த்திக்குப்பம்.
கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகின் நிழல்.
எனக்கு பாட்டில், தனவேலுக்கு டின்.

டின்தான் சீக்கிரம் சில்லிடும் என்பான்.
வெளிச்சம் படாது, சரக்கு கெடாது என்பான்.
ஆல்பேட்டையில் பையைத் துழாவினால்
கிளிங் என்று காட்டிக்கொடுக்காது என்பான்.
போன ஆடியில் சட்டைக்குள் வியர்த்து
வயிற்றில் ஈரவட்டம் போட்டு
அவனைக் காட்டிக்கொடுத்தது டின்தான்.
அதை மட்டும் பேசமாட்டான்.

எனக்கு பாட்டிலின் தோளில் இருக்கும்
வெள்ளைத் தேய்மானம் பிடிக்கும்.
எத்தனை முறை கழுவி, நிரப்பி,
பெட்டிக்குள் இன்னொன்றோடு உரசி உரசி வந்ததோ.
யார் யார் வாய் வைத்ததோ என்று
முகம் சுளிப்பான் தனவேல்.
டீ கிளாஸில் மட்டும் என்னவாம்?

உண்மையில் காரணம் வேறு.
பாட்டிலில் மிச்சம் தெரியும்.
கழுத்திலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து
லேபிளின் மேல்விளிம்புக்கு இறங்கும்போது
இன்னும் நேரமிருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

நாற்பதாயிரம்.
அவன் தங்கைக்கு சிசேரியன் என்றபோது கொடுத்தது.
அந்தக் குழந்தை இப்போது நடக்கிறது.
லேபிளின் அடிவிளிம்பு வந்ததும் கேட்டுவிடுவது என்று
பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன்.

அடிவிளிம்பும் போயிற்று.
அவனுடையதில் எவ்வளவு இருக்கிறதென்று
எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?
காதருகே கொண்டுபோய் ஆட்டினான்.
"இருக்குடா" என்றான்.
ஒரு வாய். மாமனாரின் சர்க்கரை நோய்.
இன்னொரு வாய். கரும்பு வெட்ட ஆள் கிடைக்காதது.
அப்புறம் கொஞ்ச நேரம் கடல்தான் பேசியது,
அதுவும் சொன்னதையே.

அமலோற்பவம் சாக்கோடு வந்துவிட்டாள்.
கடையில் பாட்டிலை எண்ணுவார்கள், டின்னை நிறுப்பார்கள்;
அவளுக்கு நாங்கள் எழுந்தால் போதும்.
"ஆச்சா?"
என்னுடையதை நீட்டினேன்.
தனவேல் டின்னை மணலில் வைத்துவிட்டு
செருப்பைத் தேடினான்.

காற்று அப்படியொன்றும் பலமாக இல்லை.
டின் சாய்ந்தது, உருண்டது,
படகின் மூக்குவரை போய் நின்றது.
போன வழியில் ஒரு சொட்டு ஈரமில்லை.
அவள் காலால் மிதித்துத் தட்டையாக்கிச் சாக்கில் போட்டாள்.
எப்போது தீர்ந்தது என்று நான் கேட்கவில்லை.

கடலூர் பஸ்ஸில் இடம் கிடைத்தது.
கண்டக்டர் எங்கள் வரிசைக்கு வருவதற்குள்ளேயே,
ஒருநாளும் இல்லாமல்,
எனக்கு முன்னால் கையை நீட்டினான் தனவேல்:
"ரெண்டு ஆல்பேட்டை."