அகலக்கால்

காலை ஒன்பதே முக்கால்.
காபி எந்திரத்துக்கும் வெள்ளைப் பலகைக்கும் நடுவே
ஏழு பேர் நிற்கிறோம்.
உட்கார்ந்தால் பேச்சு நீளும்; நாற்காலி கிடையாது.
நேற்று என்ன, இன்று என்ன,
எது வழிமறிக்கிறது.
சில்க் போர்டு சிக்னல் என்கிறான் ஹர்ஷத்.
முதல் வாரம் சிரித்தோம்.

அகலக்கால் வைக்காதே என்று
தமிழில் மூச்சுவிடாமல் சொல்லிவிடலாம்.
இங்கே மூன்று நாள் பயிற்சி, சான்றிதழ்.
நானும் வாங்கி வைத்திருக்கிறேன்.

இதற்கு முன் எட்டு மாதம்
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதினோம்,
பெல்லந்தூரில் பதினான்கு தண்ணீர் லாரி ஓட்டும்
சித்தலிங்கப்பாவின் செயலிக்கு.
அட்டை போட்டுக் கொண்டுபோய் வைத்தோம்.
அதன்மேல் டீ டம்ளரை வைத்துக்கொண்டு கேட்டார்:
"லாரி எப்போ வரும்னு போன் மேல போன்.
இது அதை நிறுத்துமா?"
நிறுத்தும்.
நூற்று எழுபதாம் பக்கத்தில்,
அடிக்குறிப்பில்.

இப்போது இரண்டிரண்டு வாரமாக வாழ்கிறோம்.
முதல் இரண்டு வாரத்தில் ஒரே திரை:
கிளம்பியாச்சு. இன்னும் இல்லை.
வரைபடம் இல்லை, பணம் கட்ட வழி இல்லை,
வரைந்த லவிதாவுக்கே நிறம் பிடிக்கவில்லை.
டிரைவர் முனீர் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு
பொத்தான் சின்னது என்றார்,
ஈரக் கைக்கு அழுந்தவே இல்லை.

ஈரக் கை.
அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில்
ஒரு கைகூட ஈரமாக இல்லை.

நான் சோதிப்பவள்.
பிழை பார்ப்பது பிழைப்பு.
வேலையின் எடை சொல்லச் சீட்டைத் தூக்கும்போது
எல்லோர் கையிலும் மூன்று, என் கையில் பதின்மூன்று.
ஏன் என்று கேட்டார்கள்.
ஆறு வருடத்தில்
முதல் தடவை.

அதற்காகக் கோயில் கட்ட மாட்டேன்.
ஓட்டம் என்று பெயர் வைத்தால்
மூச்சு வாங்கத்தான் செய்கிறது.
வெள்ளிக்கிழமை, திரும்பிப் பார்க்கும் கூட்டத்தில்
பெயரில்லாத ஒரு மஞ்சள் தாள்:
ஆறு மணிக்கு மேல் மீட்டிங் வேண்டாம்.
யாரும் வாய் திறக்கவில்லை.
அந்தக் கோணல் கையெழுத்து
ஆறு மணிக்கு மேல் மீட்டிங் வைக்கும்
மேலாளர் பொன்னப்பாவுடையது.

இரவெல்லாம் ஏசிக் காற்று.
பசை விட்ட தாள்கள் பலகையிலிருந்து உதிர்கின்றன.
விடிகாலையில் பெருக்க வரும் கெம்பம்மா
ஒன்றையும் குப்பையில் போடுவதில்லை.
பொறுக்கி, தூசு தட்டி,
எல்லாவற்றையும் 'முடிந்தது' வரிசையில் ஒட்டிவிடுகிறாள்.
அங்கேதான்
இடம் இருந்ததாம்.