காரணம்: இரண்டு வரிகளுக்குள்

பாரத்தின் கடைசிக் கேள்வி:
வேதியியலை ஏன் தொடர விரும்புகிறாய்?
கோடு போட்ட இடம் இரண்டே வரி.

மருத்துவராகி மக்களுக்குச் சேவை என்று
முன்மேசை தாட்சாயணி எழுதிவிட்டாள்.
போன வருஷம் பொருளாதாரத்துக்கும்
இதையேதான் எழுதினாள்.

நான் எழுத வேண்டியது
செம்பனை ஆலையின் குட்டையில் தொடங்குகிறது.
மழைக்கு முந்தின சாயங்காலங்களில்
பகாவ் முழுக்க மூக்கைப் பொத்தும் அந்த நாற்றத்துக்கு
ஹைட்ரஜன் சல்பைடு என்று ஒரு பெயர் இருந்தது
பாடநூலில், அடிக்குறிப்பில்.
பேர் தெரிஞ்சா நாத்தம் போயிருமா? என்றாள் அம்மா.
போகவில்லை.
சன்னலைச் சாத்தும்போது
யாரைத் திட்டுகிறேன் என்று மட்டும் தெரிந்தது.

உங்க பிள்ளைகளுக்குக் கணக்கியல்தான் சுலபம் என்று
ஆலோசக ஆசிரியை அன்பாகத்தான் சொன்னார்.
அன்பாகச் சொன்னதால்
மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் ஒன்பது பியூரெட்,
இரண்டு ஒழுகும்.
ஒழுகுவதில் ஒன்று எனக்கும் சியூ லிங்குக்கும்.
அவள் குனிந்து எண் சொல்வாள்,
நான் திருகைத் திருப்புவேன்.
சொட்டு.
சொட்டு.
பினாப்தலீன் விட்ட குடுவை
பச்சைத் தண்ணீர் மாதிரி சும்மா இருக்கும்.
இருபத்து நான்கு புள்ளி மூன்று.
புள்ளி நான்கு.
இளஞ்சிவப்பு!
கலக்கினால் காணோம்.
இன்னும் அரைச் சொட்டு.
நின்றுவிட்டது.
பின்னால் யாரோ சாப்பாட்டுக்கு மணி அடித்தாச்சு என்றார்கள்.
நாங்கள் அந்த நிறத்தைக் கொட்ட மனமில்லாமல்
குழாயடியில் நின்றோம்.

இதையும் எழுதலாம். ஆனால் இரண்டு வரி.

கையுறைத் தொழிற்சாலையின் இரவு ஷிப்ட் முடிந்து
அம்மா பஸ்ஸில் வந்து இறங்குவாள்,
விரல்நுனித் தோல் வெங்காயச் சருகாக.
என்ன மருந்தும்மா அது?
நீலப் பீப்பாய், என்றாள்.
நீலப் பீப்பாய்க்குள்ள?
எனக்கென்னடி தெரியும், ஊத்துன்னா ஊத்துவோம்.

மறுநாள் சூப்பர்வைசருக்குத் தெரியாமல்
பீப்பாயில் ஒட்டியிருந்த சீட்டைப்
போனில் படம் பிடித்து வந்தாள்.
எண்கள், ஒரு மண்டை ஓடு,
பாதி கிழிந்த பெயர்.
இருந்த பாதியைப் படித்துச் சொன்னேன்.
அம்மா கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்,
மறுபடியும் கழுவினாள்,
பிறகு, மீதி? என்றாள்.

தாள் வாங்க வந்துவிட்டார்கள்.
பெயர்: யோகமலர் அ/பெ சின்னராசு.
காரணம்:
மீதியைப் படிக்க.

இரண்டாவது வரி காலியாகவே போகட்டும்.
சியூ லிங் எட்டிப் பார்த்தாள்.
தன் தாளில் மலாயில் கிறுக்கினாள்:
பியூரெட் பிடிக்க இவளுக்கு ஆள் வேண்டும்.