பென்சில் சீவப் போனவள்

நாரின் மலைப்பக்கத்தில் எங்கள் பள்ளி.
கணப்பின் நிலக்கரிப் புகை
கரும்பலகையை இன்னும் கறுப்பாக்கும்.
மூன்றாம் வகுப்பில் கடைசி பெஞ்சு
பெகாயிமுக்கு.

ஒரு பாடவேளையில் ஐந்து முறை எழுவாள்.
"முனை உடைந்துவிட்டது, டீச்சர்."
குப்பைக்கூடை பலகையின் காலடியில்.
சீவுவாள், சீவுவாள்,
சுருள் சுருளாய் மரத்தோல் விழும்.
பார்வை மட்டும் கூடையில் இருக்காது.
திரும்பிப் போய் அவசரமாக
இரண்டு வரி எழுதுவாள்.
மறுபடி முனை உடையும்.

செப்டம்பரில் கொடுத்த பென்சில்
அக்டோபரில் கட்டைவிரல் அளவு.
நான் கணக்குப் பார்த்தேன்,
பென்சிலுக்கு.

கண்ணைச் சுருக்கி என்னைப் பார்ப்பாள்.
பழிப்புக் காட்டுகிறாள் என்று
ஒரு நாள் வெளியே நிறுத்தினேன். பனி பெய்தது.
எட்டை மூன்று என்று எழுதுவாள்.
கூட்டல் சரியாகவே இருக்கும், கேள்விதான் வேறு.
அதற்கும் சைபர் போட்டேன்.

அப்பா துருஸ்பெக் கூட்டத்துக்கு வந்தார்,
தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே.
"வீட்டில் கெட்டிக்காரி. ஆடுகளை
மணிச்சத்தத்திலேயே எண்ணிவிடுவாள்."
பெருமையாகத்தான் சொன்னார்.
நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன்.

நவம்பரில் மருத்துவ வண்டி வந்தது.
சுவரில் ஆணி, ஆணியில் அட்டை,
மேலே யானை எழுத்து, கீழே எறும்பு எழுத்து.
பெகாயிம் வரிசையின் கடைசியில்.
யார் வழிவிட்டாலும் முன்னே போகவில்லை.
இருபத்திரண்டு பிள்ளைகள் சொல்லச் சொல்ல
அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது.

அவள் முறை.
ஷ, ப.
ம, ந, க.
தடங்கலே இல்லை. நர்ஸ் ரஹாத் தலையாட்டினார்.
நான்காம் வரியில் அட்டை நழுவி
கீழே குவிந்திருந்த கோட்டுகளின்மேல்
சத்தமில்லாமல் விழுந்தது.
பெகாயிம் நிறுத்தவில்லை.
வெறும் சுண்ணாம்புச் சுவரை
பிழையில்லாமல்
கடைசி வரிவரை வாசித்தாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள்.
எதற்கென்று தெரியாமல் அவளும் சிரித்தாள்.
ரஹாத் என்னைப் பார்த்தார்.
எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

கண்ணும் கருத்துமாய்ப் படி என்று
எத்தனை முறை சொல்லியிருப்பேன்.
கருத்தைக் காணோமென்று திட்டினேன்.
அந்தச் சொல்லில்
கண்தானே முதலில் வருகிறது.

கண்ணாடி வர ஐந்து வாரமாயிற்று.
போட்டுக்கொண்ட அன்று
பலகையைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தாள், நெடுநேரம்.
"எப்போதும் கோபமாக இருப்பீர்கள் என்று
நினைத்திருந்தேன், டீச்சர்.
குரல் மட்டும்தானே தெரியும்."

அவள் பென்சில் இப்போது
மார்ச் வந்தும் நீளமாக இருக்கிறது.
பாடத்தின் நடுவே நான்தான் எழுந்து
கடைசி பெஞ்சுவரை நடக்கிறேன்,
அங்கிருந்து என் எழுத்து
எழுத்தாகத் தெரிகிறதா என்று.

குப்பைக்கூடையை இடம் மாற்றவில்லை.
யார் சீவ வருகிறார்கள் என்று பார்க்கிறேன்.
இந்த வாரம் எல்தியார்.
இன்று மட்டும் மூன்று முறை.