அறிவது

நூறு டிகிரியில் நீர் கொதிக்கும் என்று எழுதியவர்
கடலோரத்துக்காரராக இருக்க வேண்டும்.
எல் ஆல்ட்டோவில், நாலாயிரம் மீட்டர் உயரத்தில்,
மூன்றாம் மாடிச் சோதனைக்கூடத்தில்
எண்பத்தேழிலேயே அது குதித்துக் கூத்தாடுகிறது.
வெப்பமானிதான் கெட்டுவிட்டதென்று
போன வருடத்துக்காரர்கள் இரண்டை வீசி எறிந்தார்களாம்.
நாங்கள் எறியவில்லை.
நூறு என்று எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டோம்.

இன்று சுடர்ச் சோதனை.
ஆறு குழுவுக்கும் ஒரே கம்பி.
முந்தைய குழுவின் தாமிரம் ஒட்டிக்கொண்டு
எதைக் காட்டினாலும் முதலில் பச்சை.
அமிலத்தில் தோய்த்து, சுட்டு, தோய்த்து, சுட்டு,
கம்பிக்கு எதுவும் ஞாபகமில்லாமல் ஆக்க
இருபது நிமிடம் ஆயிற்று.

லிம்பெர்ட் யுஹ்ரா பையிலிருந்து எடுத்தான்
ஒரு ஆரஞ்சு பான பாட்டில்.
உள்ளே உயுனி உப்புவெளியின் கலங்கல் நீர்.
அண்ணன் லாரி ஓட்டுகிறான்;
டயர் மாற்ற நின்ற இடத்தில்
உப்புத் தரையில் கண் திறந்ததுபோல் ஒரு துளை,
அதில் மொண்டது.
"இதில் லித்தியம் இருக்கு. செக்கச்செவேலென்று எரியும்.
ஊர் உலகமெல்லாம் தேடுவது
நம் மேசைக்கே வந்துவிட்டது, பார்."

எரிந்தது, மஞ்சளாக.
மறுபடி மஞ்சள்.
என் விரல் வியர்வை பட்டு, இன்னும் மஞ்சள்.
சோடியம் அப்படித்தான்,
திருவிழா ஊர்வலத்தின் பித்தளைக்குழல் கோஷ்டி;
அது நுழைந்த தெருவில்
வேறு யார் பாடினாலும் காதில் விழாது.

நீலக் கண்ணாடி வழியே பார்த்தால் மஞ்சள் மறையும்.
பள்ளிக்கு ஒரே கண்ணாடி, ஓரம் விரிந்தது,
யோசெலின் தோலாவின் மேசையில்.
அவள் சும்மா தருகிறவள் இல்லை.
"தரம்பார்த்தல் அளவுகளைக் கொடு."
கொடுத்தேன்: பதினாலு புள்ளி இரண்டு, மூன்று முறையும்.
மும்முறையும் துளி பிசகாத கை எனக்கில்லை.
அது அக்காவின் பழைய நோட்டில் இருந்த எண்.
யாருடைய கை என்று
அவளும் கேட்கவில்லை.

கண்ணாடியைக் கண்ணருகே வைத்தேன்.
மஞ்சள் அணைந்தது.
அது நின்ற இடத்தில், சுடரின் விளிம்பில்,
ஒரு மூச்சு நேரம்,
உருளைக்கிழங்குப் பூவின் ஊதா.

"சிவப்பா?"
"இல்லை."
"பின்னே?"
புத்தகத்தைப் புரட்டினேன். பொட்டாசியம்.
நாங்கள் தேடாதது,
அவன் அண்ணன் பேர்கூடச் சொல்லாதது,
இத்தனை நேரமும் அங்கேயே எரிந்துகொண்டிருந்தது.

லிம்பெர்ட் நம்பவில்லை. படம் பிடிக்கிறேன் என்று
கைபேசியை நீட்டினான்.
திரை ஒருமுறை சிணுங்கி, இரண்டு சதவீதம் காட்டி, கருத்தது.
ஜூலைக் குளிர் பேட்டரியைக் குடித்துவிடும் இங்கே.
"போச்சு," என்றான்.
"அறையில் இருந்த ஒரே லித்தியமும் தீர்ந்தது."

மணியடிக்க நாலு நிமிடம்.
நோட்டில் மூன்று பத்திகள்:
செய்தது, கண்டது, அறிவது.
செய்ததை எழுதியாயிற்று.
கண்டது என்ற இடத்தில் அவன் மஞ்சள், நான் ஊதா.
மூன்றாவதில் ஆசிரியை செனோபியா எதிர்பார்ப்பது
ஒரு உலோகம், ஒரு முற்றுப்புள்ளி.
பேனா முனை தாளில் ஊன்றி
மை மட்டும் பரவிக்கொண்டிருந்தது.

பிறகு பக்கங்களைப் பின்னால் தள்ளினேன்.
ஏப்ரல் மாதத்து நூறை அடித்துவிட்டு
எண்பத்தேழு என்று எழுதினேன்.
பதினாலு புள்ளி இரண்டைத் தொடவில்லை.
அது இப்போது
யோசெலினிடமும் இருக்கிறது.