எந்நேரமும் விலகிக்கொள்ளலாம்

கோரிமேடு, மூன்றாம் மாடி.
ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
தேன்கூடு மாதிரி என்றார் டாக்டர் லியாகத்.
நல்ல வார்த்தைதான்.
தேன் எங்கே என்று நான் கேட்கவில்லை.

நான்கு வருஷமாக
அங்குலம் அங்குலமாகக் காய்ப்பேறி வந்த நெஞ்சு
ஐப்பசி மழையில், ஒரே வாரத்தில்,
இறுகிவிட்டது.
மூன்று நாள் ஸ்டீராய்டு, ஆயிரம் ஆயிரமாக.
அசையவில்லை.

அப்புறம்தான் ஷெரின் வந்தாள், பதினான்கு பக்கத்தோடு.
புது மருந்து. பாதிப் பேருக்கு அது,
மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர்.
கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்.
யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது,
டாக்டருக்கும் தெரியாது அக்கா.
பிறகு யாருக்குத்தான் தெரியும்?
அவள் பேனா மூடியைக் கழற்றினாள்.

ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது:
தாங்கள் எந்நேரமும், காரணம் கூறாமல், விலகிக்கொள்ளலாம்.
திருக்காமு அதை விரலால் தொட்டுக் காட்டிச்
சிரிக்கப் பார்த்தார்.
இருமல் முந்திக்கொண்டது.

முதலியார்பேட்டையில் முப்பது வருஷம் பங்க்சர் கடை.
முன் சக்கரத்துக்கு இருபத்தைந்து, பின்னுக்கு முப்பத்துமூன்று,
அக்னி வெயிலில் ஒன்று குறைத்து.
காற்றை அளந்து விற்ற மனுஷன்.
இப்போது சுவரிலிருந்து நிமிஷத்துக்குப் பதினைந்து லிட்டர்
காசில்லாமல் வருகிறது,
போதவில்லை.

இரண்டாம் நாள் ராத்திரி
நர்ஸ் பை மாற்றும்போது ஒரு சொட்டு
என் மணிக்கட்டில் விழுந்தது.
அவள் திரும்புவதற்குள் நக்கிப் பார்த்துவிட்டேன்.

கரித்தது.

விடியும்வரை யாரோடும் பேசவில்லை.
ஷெரினிடம் சொல்லி அழுதேன்.
முதலில் திட்டினாள். பிறகு,
மருந்தையும் உப்புத்தண்ணீரில்தான் கரைப்பார்கள் அக்கா,
ரெண்டுமே கரிக்கும் என்றாள்.
டீ வாங்கித் தந்தாள். சர்க்கரை போட மறந்திருந்தார்கள்.

இன்று ஐந்தாம் நாள்.
பதினைந்து, பன்னிரண்டாகியிருக்கிறது.
மருந்தா, மழை விட்டதாலா,
கேட்டால் லியாகத் உதட்டைப் பிதுக்குகிறார்.
பன்னிரண்டு போதும் எனக்கு, இன்றைக்கு.

கட்டிலுக்கு மேலே ஆக்ஸிஜன் குடுவைத் தண்ணீர்
குமிழி விட்டுக்கொண்டே இருக்கிறது.
அவர் கண் அதை விட்டு நகர்வதில்லை.
என்ன பார்க்கிறாரென்று எனக்குத் தெரியும்.
ட்யூபைத் தொட்டியில் அமுக்கி,
குமிழி கிளம்பும் இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு,
உப்புத்தாள் எங்கேடா என்பார் பையனிடம்.

மாஸ்க்குக்குள் ஏதோ சொல்கிறார். குனிகிறேன்.
புரியவில்லை.
போர்வையின் மேல் அவர் கட்டைவிரல்
எதையோ அழுத்தி மூடிக்கொண்டிருக்கிறது.