முப்பத்தேழாவது வார்ப்பு

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில்,
சாப்பாட்டுக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
கீழிருந்து கொத்துத் தகட்டின் சத்தம் ஏறி வரும்.
மேலே நாங்கள்
ஒரு விரலுக்குக் காற்று ஊதிக்கொண்டிருப்போம்.

எலும்பில்லை அதற்கு. திருகாணி இல்லை.
சிலிக்கன், உள்ளே மூன்று வெற்றறைகள்,
தோலுக்கடியில் தலைமயிர்த் தடிப்பில் ஒரு கரிப்பசைக் கோடு.
வளைந்தால் கோடு நீளும், நீண்டால் மின்தடை கூடும்,
திரையில் ஓர் இலக்கம் துள்ளும்.
வலி என்று இதைச் சொல்லக்கூடாதென்பாள் மிஃப்ரா.
"வாசிப்பு என்று எழுதுங்க அக்கா."
கொப்பியில் எழுதுவேன்: வாசிப்பு.

வால்வு, பஞ்சிகாவத்தையில் பேரம் பேசி வாங்கியது.
பம்ப், மீனெல்லாம் செத்துப்போன தொட்டியொன்றினுடையது.
அச்சு என்னுடையது:
வலது கை, சுட்டுவிரல்.
கட்டுநாயக்கவில் ஒன்பது வருஷம் கொலர் தைத்தது.
ஓர் இரவு ஷிஃப்டில் ஊசி
நகத்தில் இறங்கி மறுபக்கம் வந்தது.
காயம் ஆறிற்று. நுனி திரும்பி வரவில்லை.
தேத்தண்ணி சுடுகிறதா என்று
இன்றைக்கும் பெருவிரலைத்தான் கேட்பேன்.

முதல் வார்ப்பில் குமிழி. ஐந்தாவது கிழிந்தது.
பதினெட்டாவது முட்டையை நசுக்கியது,
மஞ்சட்கரு மேசையில் வழிய
தனுக்க சிரித்தான், பிறகு அவனே துடைத்தான்.
இருபத்தாறாவதை உப்புக்காற்று தின்றது;
செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது.

முப்பத்தேழாவது, நேற்று.
மங்குஸ்தானைப் பிடித்தது.
கரண்ட் போனது; காற்று மெல்ல இறங்க,
பழத்தை மேசையில் வைத்துவிட்டு விரல் தளர்ந்தது.
கரண்ட் வந்ததும் ஈரச் சவர்க்காரம்.
வழுக்கத் தொடங்குமுன்னே
தானாகக் கொஞ்சம் சுற்றிக்கொண்டு பிடித்தது.
யாரும் சொல்லிக்கொடுக்காத சுற்று.

நாலேகாலுக்கு, ஒன்றையும் தொடாமல் சும்மா கிடக்கையில்
இலக்கம் நடுங்கியது.
மிஃப்ரா வயர்களை ஒவ்வொன்றாய் அசைத்துப் பார்த்தாள்.
தனுக்க பம்பை நிறுத்தினான்.
இன்னும் நடுங்கியது.
பிறகுதான் எங்கள் காதுக்கு வந்தது
பாணந்துறை ரயில்.

"இரைச்சல். வடிகட்டிவிடலாம்" என்றாள்.
சரிதான். முட்டை தூக்குகிற விரலுக்கு
ரயில் எதற்கு?

அவர்கள் கீழே பிளேன்டீ குடிக்கப் போனபோது
என் விரலை அதன் பக்கத்தில் வைத்தேன்.
அதே ரேகை. ஊசி போன தழும்புகூட
சிலிக்கனில் அப்படியே.
நாலு முப்பத்தெட்டுக்கு அடுத்தது வந்தது.
அதற்குத் தெரிந்தது.
என்னுடையது
யாரோ மறந்துவிட்டுப் போன பேனை மூடிபோல
மேசையில் கிடந்தது.

வடிகட்டி நாளைக்குத்தான் போடுவாளாம்.
வாசிப்பு என்ற தலைப்பின் கீழே எழுதிவைத்தேன்:
4.38. கோச்சி. தொடவில்லை. உணர்ந்தது.
கடைசிச் சொல்லை மிஃப்ரா வெட்டுவாள்.
வெட்டட்டும்.
அழுத்தித்தான் எழுதியிருக்கிறேன்,
அடுத்த தாளிலும் பதிந்திருக்கும்.